முக்கால் வண்டிக்கு முழு விலை

வா கண்ணு, உக்காரு. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அதுமேல உன்ற கியர் பாக்ஸ் இருக்குது. திண்ணையிலயும் வேண்டாம், அங்க ரேடியேட்டர் இருக்குது. இந்தக் கட்டில்ல உக்காரு. அடியில சைலன்சர் கெடக்குது, காலை மட்டும் சித்த மடக்கி வெச்சுக்க.

வண்டியை வித்துப்போடறதுன்னு முடிவு பண்ணிட்டயாமே, உங்கம்மா சொன்னா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லே சாமி. மாடு ரெண்டும் மழையில நனைஞ்சு பழகிருச்சு. உங்க அம்மிச்சிதான், சாளை மாட்டுக்கா காருக்கான்னு வெடியால எந்திரிச்சதும் கேக்கறா. நான் என்ன சொல்றது? காருக்குத்தான், மாடு வெறும் பால்தான குடுக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

விளம்பரம் எழுதிட்டு வந்திருக்கறயா? படி, கேக்கலாம்.

'புகாட்டி டைப் 35 ரேஸ் கார். 1924 மாடல். 90 சதவீத வேலை முடிந்தது. சின்னச் சின்ன வேலைகள் மட்டுமே பாக்கி. ஆர்சி உண்டு. செலவழித்த தொகைக்கே தரப்படும்.'

நெம்ப நல்லா எழுதியிருக்கறே. கேட்டதும் எனக்கே வாங்கிப்போடலாமுன்னு தோணுச்சு. அப்பறந்தான் ஞாபகம் வந்துது, அது நம்ம சாளையிலதான நிக்குதுன்னு. இதுல ஒவ்வொரு வரியும் வாங்கறவனைக் கூட்டிட்டு வரும் கண்ணு, வந்தவனை அதே வரி திருப்பியும் அனுப்பிப்போடும். ஒண்ணொண்ணா பாக்கலாம்.

மொதல்ல புகாட்டிங்கற பேரு. அந்த வண்டியைப் பத்தி நீ ராத்திரி பகலா ஓதி ஓதி எனக்கு முச்சூடும் மனப்பாடம். பிரான்சு தேசத்துல மோல்ஷைம்னு ஒரு ஊரு, அங்க எத்தோரே புகாட்டிங்கறவரு செஞ்சாரு. 1924 ஆகஸ்ட்டுல லியோன் ரேசுக்குப் புது வண்டியை இறக்குனாரு. அன்னைக்கு டயரு பிஞ்சு பிஞ்சு போயி மானம் கப்பலேறுச்சு. மறுவருசமே நிமுந்துட்டாரு. சிசிலித் தீவு மலைப்பாதையில நடக்கற தார்கா ஃப்ளோரியோவுல 1925லருந்து 1929 வரைக்கும் அஞ்சு வருசமும் அந்த வம்சத்து வண்டிதான் ஜெயிச்சுது. 1929ல மொனாக்கோவுல மொதமொதல்ல நடந்த கிராண்ட் பிரியும் அதுக்குத்தான். சொன்னது சரிதானா? பாஸ் பண்ணிட்டனா?

அந்த வண்டியில எட்டு சிலிண்டரு, வரிசையா ஒரே கோட்டுல, ரெண்டு லிட்டரு. உன்றதுல மூணு சிலிண்டரு, 796 சிசி, பால் ஊத்தற பையன்கிட்ட வாங்குன ஆம்னி வேன்ல கழட்டுனது. அந்த வண்டியில சக்கரம் அலுமினியத்துல வார்த்தது, பிரேக் டிரம்மும் சக்கரமும் ஒரே வார்ப்பு. உன்றது ஆம்னியோட இரும்புச் சக்கரம், மேல தகட்டுல எட்டு ஆரம் வெட்டி ரிவெட்டு அடிச்சிருக்கறே. அந்த வண்டியில முன் ஆக்சில் உள்ளே கூடு விட்டது, ஸ்பிரிங் பட்டை ஆக்சிலுக்குள்ளயே பூந்து வெளிய வரும். உன்றதுல முன் ஆக்சில்... அது எங்க கண்ணு? லேத்துலயா? இன்னுமா?

குதிரை லாடம் மாதிரி இருக்கற அந்த முன்மூஞ்சி மட்டும் அச்சு அசலா வந்திருக்குது. பித்தளைப் பாத்திரக்காரரு நல்ல கைவேலை. அதை வாசப்படி பக்கமா திருப்பி வெச்சுக்க. வர்றவன் மூஞ்சியை மட்டும் பாத்துட்டுப் போயிட்டான்னா நீ பொழச்சே.

மூணு சிலிண்டரு வெச்சது குத்தமுன்னு சொல்ல வரலே. நம்ம கோயமுத்தூரு கரிவர்தன் மாருதி இஞ்சினை வெச்சுத்தான் ஃபார்முலா மாருதின்னு ரேஸ் வண்டி செஞ்சாரு. நாராயண் கார்த்திகேயனே தொடக்கத்துல அதுல ஓட்டுன பையன்தான். ஆனா அவரு மாருதியை மாருதின்னே கூப்புட்டாரு, ஃபெராரின்னு எழுதி ஒட்டலே. இன்னொண்ணு, அவரு செஞ்ச வண்டி ஓடுச்சு.

மாதிரி வண்டி செய்யறதும் ஊருல இல்லாத பழக்கமில்லே. அர்ஜென்டினாவுல பரானாங்கற ஊருல புர் சாங்னு ஒரு பட்டறை, இதே டைப் 35ஐ இஞ்சின் முதற்கொண்டு அசலாட்டவே செய்யறாங்கன்னு நீதான சொன்னே. அவியளே அது பழசுன்னு விக்கறதில்லே, புதுசா செஞ்சதுன்னுதான் விக்கறாங்க. அமெரிக்காவுல வோக்ஸ்வேகன் பீட்டில் மேல ஃபைபர்ல புகாட்டி கூடு கவுத்தி வித்தாங்களாம். அதுல இஞ்சின் பின்னால, அதுவும் காத்துல ஆறற இஞ்சின். முன்னால இருக்கற ரேடியேட்டருக்குள்ள சொட்டுத் தண்ணி கிடையாது, வெறும் அலங்காரம். அதையும் தெரிஞ்சேதான் சனங்க வாங்கி ஓட்டுனாங்க. தெரிஞ்சு வாங்குனவன் சிரிச்சுக்கிட்டே ஓட்டுவான். தெரியாம வாங்குனவன் வக்கீலைக் கூட்டிட்டு வருவான். அதனால 'புகாட்டி டைப் 35 சாயலில், ஆம்னி பாகங்களைக் கொண்டு கையால் செய்தது'ன்னு எழுது. அந்தப் பேரு ஒரு கம்பெனியோட சொத்து, அதைப் போட்டு விக்கறதுக்கு நமக்கு அவிய ஒண்ணும் எழுதிக் குடுக்கலே. முன்மூஞ்சியில மாட்டியிருக்கற அந்தச் செவப்பு புகாட்டி வில்லையையும் கழட்டி உங்க அம்மிச்சிகிட்டக் குடு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெப்பா.

அடுத்தது, 1924 மாடல். கண்ணு, உங்கம்மா கல்யாணத்துக்குப் பொறவு செஞ்ச வேன் எப்படி எங்கய்யன் காலத்து வண்டி ஆச்சு?

இங்கதான் நீ அந்த பென்ட்லி கதையை எடுத்து விடுவே, தெரியும். 1929லயும் 1930லயும் லெ மான்ஸ் ரேசு ஜெயிச்ச வண்டி, 'ஓல்ட் நம்பர் ஒன்'. பத்து மில்லியன் பவுனுக்கு வெல பேசி, வாங்குனவிய இது அசலில்லைன்னு மறுத்து, 1990ல லண்டன் கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஜெயிச்ச அன்னைக்கு இருந்த பாகத்துல பெரும்பாலானது மாறிப்போயிருந்துது. ஆனாலும் அது விட்டுப்போகாம அதே வண்டியா வாழ்ந்து வந்திருக்குது, அதனால அதுதான் ஓல்ட் நம்பர் ஒன்னுன்னு ஜட்ஜு சொல்லிட்டாரு. நல்ல தீர்ப்புத்தான். உனக்கு அதுல என்ன லாபம்? அந்த வண்டிக்குப் பாகம் போச்சு, வரலாறு இருந்துது. உன்ற வண்டிக்குப் பாகமும் வரலே, வரலாறுன்னு பாத்தா லேத்துக்கும் சாளைக்கும் நடுவுல டெம்போவுல போயிட்டு வந்ததுதான்.

அதுக்கு அடுத்து 90 சதவீதம். இந்தக் கணக்கை எங்க படிச்சேன்னு எனக்குத் தெரியலே. நீ இஞ்சினியரு, நான் மாட்டுக்காரன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். வண்டின்னா மூணு சோலி தெரியோணும். ஓடோணும், திரும்போணும், நிக்கோணும். ஓடறதுக்கு ஒயரிங் இல்லே, பெட்ரோல் டேங்க் இல்லே. திரும்பறதுக்கு ஸ்டியரிங் பாக்ஸு இல்லே. நிக்கறதுக்கு பிரேக்கு லைன் இல்லே. இந்த மூணும் சேந்துதான் உன்ற பாக்கி பத்து சதவீதம். நிக்கறதை வேணுமுன்னா தள்ளிக்கலாம், அது இதுவரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்குது.

'சின்னச் சின்ன வேலைகள்'னு போட்டயே, வாங்க வர்றவன் படிச்சவனா இருந்தா ஒரே கேள்விதான் கேப்பான். 'சின்ன வேலைதானுங்களே, நீங்களே ஏன் முடிக்கலே?' அதுக்குப் பதில் இருக்குதா? அந்தக் கேள்வியைக் கேக்க விடாதே. நீயே மொதல்ல சொல்லிப்போடு. ஒரு முழு நீளப் பேப்பரை எடு. மேல 'இல்லாதது'ன்னு தலைப்புப் போடு. முன் ஆக்சில், ஸ்டியரிங் பாக்ஸு, பிரேக்கு, ஒயரிங், டேங்க், கண்ணாடி, சீட்டு மெத்தை, பெயிண்டு, எல்லாத்தையும் எழுது. பக்கத்துல எது லேத்து வேலை, எது கடையில வாங்கறது, எதுக்கு ஆளு தேடோணுமுன்னு எழுது. அதுக்குக் கீழ 'இருக்கறது'ன்னு சின்னதா எழுதிக்க. இருக்கறதைக் காட்டுனா வர்றவன் இல்லாததைத் தேடுவான். இல்லாததைக் காட்டுனா இருக்கறதைப் பாத்து, 'பரவாயில்லையே, இவ்வளவு முடிச்சிருக்கறாங்களே'ம்பான். நீ விக்கறது வண்டியை இல்லே சாமி, மிச்சமிருக்கற வேலையை. அதைப் பாத்தும் எவன் மூஞ்சியில சிரிப்பு இருக்குதோ அவன்தான் உனக்கு வந்த ஆளு.

அந்தப் பெயிண்டு டப்பாவை எதுக்கு வாங்கியிருக்கறே? விக்கறதுக்கு முன்னால சேசுக்கு நீலம் அடிச்சுப் பளபளன்னு ஆக்கவா? அடிக்காதே. வெவரமானவன் வெல்டிங்கைப் பாக்க வருவான். மேல புது நீலம் இருந்தா அடியில என்னத்தையோ பட்டி போட்டு மறைச்சிருக்கறான்னு நெனப்பான். உன்ற வெல்டிங் நல்லாத்தான் இருக்குது, பொட்டுப் பொட்டா இருந்தாலும் உறுதி. தொடச்சு எண்ணெய் தடவி அப்படியே காட்டு. அப்பறம் எதையாவது முட்டுக் குடுத்து நாலு சக்கரத்தையும் மாட்டி, காத்தடிச்சு, உருள வை. உருள்றதுக்குப் பேரு வண்டி, லாரியில ஏத்திக் கொண்டு போலாம். உருளாததைப் பழைய இரும்புக்காரரு எடைக்குக் கேப்பாரு. உக்கடத்துல எடை போடறவிய புகாட்டிக்கு ஒரு ரேட்டு, ஆம்னிக்கு ஒரு ரேட்டுன்னு வெச்சிருக்கறதில்லே.

அட்டாலியில அடுக்கி வெச்சிருக்கற அட்டைப் பெட்டிகளையும் எறக்கு. ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் பையில போட்டு எதுக்குண்டானதுன்னு சீட்டுக் கட்டு. உனக்கே தெரியாதது இருந்தா 'தெரியாது'ன்னு சீட்டுக் கட்டு. அந்தப் பெட்டிதான் பெருசா இருக்குமுன்னு எனக்குத் தோணுது. நீ வரைஞ்ச வரைபடம், வேலை நடக்கறப்போ எடுத்த போட்டோ எல்லாம் சேத்து வெய்யி. பாதி வண்டி வாங்கறவனுக்கு அதுதான் பெரிய சொத்து. இன்னொருத்தன் நிறுத்துன எடத்துலருந்து தொடங்கறவனுக்கு, நிறுத்துனவன் என்ன நெனச்சான்னு தெரியோணுமல்ல? இஞ்சினை மட்டும் தனியா கேட்டு ஒருத்தன் கட்டாயம் வருவான். குடுத்துப்போடாதே. நல்லது மொதல்ல போயிரும், மிச்சம் நிக்கறதுல உங்க அம்மிச்சி துளசி நட்டு வெப்பா.

ஆர்சி உண்டுன்னு எழுதியிருக்கறயே, இங்கதான் எனக்கு வவுத்தைக் கலக்குது. அது யாரோட ஆர்சி? ஆம்னியோட ஆர்சி. ஆம்னி எங்க? பாதி சாளையில, பாதி காயலாங்கடையில. கம்பெனி செஞ்சு ஆர்சியில எழுதுன அமைப்பை மாத்தி ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது, 2019ல உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிருச்சு. வேனோட ஆர்சியை ரேஸ் காருக்கு மாட்டி விட்டீன்னா, செக் போஸ்ட்டுல புடிக்கறவரு கேக்கற மொதல் கேள்வியே, 'ஏனுங்க, மிச்சம் ஆறு பேரு எங்க உக்காருவாங்க?'ன்னுதான் இருக்கும். அந்த ஆர்சியை ஆபீசுல ஒப்படைச்சு ரத்து பண்ணிட்டு, அந்தக் காயிதத்தைக் கையில வெச்சுக்க.

இன்னொரு குறுக்கு வழியும் உன்ற மண்டையில ஓடறது எனக்குத் தெரியும். 2021ல மத்திய சர்க்காரு பழம்பெரும் வண்டிக்குத் தனிப் பதிவுன்னு விதி கொண்டாந்தாங்க. விஏங்கற எழுத்துப் போட்ட தனி நம்பரு, புதுப் பதிவுக்கு 20,000 ரூவா. ஆனா அதுக்கு வண்டி 50 வருசம் தாண்டியிருக்கோணும், அசல் உருவத்துல இருக்கோணும், பெருசா பிரிச்சு மாத்தியிருக்கக் கூடாது. உன்றது இந்த மூணுல எதுல தேறும்? ஸ்பேனர் வெக்காத எடம் அந்த வண்டியில ஒண்ணுமில்லே. அதனால 'பதிவு இல்லை, ரோட்டுல ஓட்ட முடியாது'ன்னு பெரிய எழுத்துல போடு. பயப்படாதே, அதுக்கும் ஆளு இருக்குது. ஓட்டல் வாசல்ல நிறுத்தறவன், சினிமாவுக்கு வாடகைக்கு விடறவன், தோட்டத்துக்குள்ளயே சுத்தி வர்றவன். செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே இருக்குது, அவிய விதிக்கு ஒத்து வந்தா அங்க ஓட்டிப் பாக்கலாமுன்னு நெனக்கறவனும் வருவான்.

இப்பக் காசுக்கு வா. 'செலவழித்த தொகைக்கே'ன்னு எழுதியிருக்கறே, தாராளமா. பில்லு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தயா? கூட்டாதே, உங்கப்பன் கண்ணுல பட்டா உன்னையும் சேத்து விலைக்குப் போட்டுருவாரு. கண்ணபுரம் மாட்டுத்தாவணியில நான் துண்டைப் போட்டு மூடி, விரலைப் புடிச்சு எத்தனையோ மாட்டுக்கு வெல பேசியிருக்கறேன். வாங்கறவன் பல்லைப் பாப்பான், சுழியைப் பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். இந்தக் காளைக்கு எத்தனை மூட்டை பருத்திக்கொட்டை வெச்சீங்கன்னு ஒருத்தனும் கேட்டதில்லே. வெச்சது உன்ற பிரியம். அதை மாடு அன்னைக்கே தின்னுட்டுது.

அதனால வெலையை இப்படிப் புடி. இஞ்சின், கியர் பாக்ஸு, டிஃபரன்சியல், சக்கரம், அலுமினியம், பித்தளை எல்லாத்தையும் தனித்தனியா வித்தா என்ன கெடைக்கும், அது அடி வெல. முழுசா முடிச்ச இப்பேர்ப்பட்ட வண்டி என்ன போகுமோ அதுலருந்து, முடிக்கறதுக்கு ஆகற செலவைக் கழிச்சு, முடிக்கறவன் படப்போற அவஸ்தைக்கும் ஒரு தொகையைக் கழிச்சா வர்றது உச்சி வெல. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உன்ற விரலு இருக்கோணும். உச்சி அடியை விடக் கீழ போயிருச்சுன்னா வாயைத் தெறக்காம, அடி வெலைக்கே குடுத்துரு. என்ற உழைப்புக்கு என்னங்கய்யா வெலைன்னு கேக்காதே. ஞாயித்துக்கெழமை ஆனா சோறு தண்ணி இல்லாம கிரீசைப் பூசிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தயே, அந்தச் சந்தோசத்தை நீதான் அனுபவிச்சே. அதுக்கு அவன் எதுக்குக் காசு குடுக்கோணும்?

விளம்பரம் போட்டதும் ஆளு வரும், ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ரகம். மொதல்ல போன்ல ஒருத்தன், வணக்கங்கூடச் சொல்லாம 'கடைசி ரேட்டு என்ன?'ம்பான். வண்டியே பாக்காதவனுக்கு மொத ரேட்டே கிடையாது, நேர்ல வாங்கன்னு சொல்லி வெச்சுரு. அப்பறம் நாலு பேரு ஒட்டுக்கா வருவாங்க. உக்காந்து, வாயிலயே வண்டி ஓட்டி, செல்ஃபி எடுத்துக்குவாங்க. வாங்க மாட்டாங்க. ஆனா மோரு குடுத்து அனுப்பு, அந்தப் படம் ஊரெல்லாம் போகும், உனக்குச் செலவில்லாத விளம்பரம். சீட்டுக்கு இன்னும் போல்ட்டு போடலைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடு.

மூணாவது வர்றவன் பண்டிதன். ஆரத்தோட அகலம் தப்பு, வால் பக்கம் வளைவு தப்புன்னு அடுக்குவான். உனக்குக் கோவம் வரும், அடக்கிக்க. 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு சொல்லி ஒவ்வொண்ணா எழுதிக்க. மறுநாள் அதையும் 'இல்லாதது' பேப்பர்ல சேத்துக்க. கூலியில்லாம வந்து பரிசோதனை பண்ணிட்டுப் போறான், விட்டுருவயா?

கடைசியா ஒருத்தன் வருவான். பேச மாட்டான். சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில பூந்துக்குவான். டார்ச்சு கேப்பான், ஆட்டிப் பாப்பான், விரல்ல தட்டிக் கேப்பான். அவன் அடியில இருக்கறப்போ நீ மேல நின்னு புகாட்டி வரலாறு சொல்லாதே. அவனுக்கு உன்னை விட எச்சா தெரியும். வெளிய வந்து கையைத் தொடச்சுக்கிட்டே 'ஏனுங்க விக்கறீங்க?'ம்பான். மழுப்பாதே. நேரமில்லே, காசில்லே, பொண்ணு பாக்கறாங்கன்னு சொல்லு. பொண்ணு வீட்டுக்காரங்க போன வாரம் 'பையன் காரு வெச்சிருக்கறாருங்களா'ன்னு கேட்டப்போ உங்கம்மா 'இருக்குதுங்க'ன்னா. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டாம, 'ஆனா அதுல உக்காரத்தான் முடியும், போறதுன்னா பஸ்சுதானுங்க'ன்னுட்டேன். அந்தக் காரணத்தையும் அவன்கிட்டச் சொல்லு. அவனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்குமல்ல.

வெல படிஞ்சா ரெண்டு காயிதம் எழுது. 'பதிவில்லாத, பாதி முடிந்த, மாதிரி வண்டி, உள்ளது உள்ளபடி'ன்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து. அந்த 'இல்லாதது' பேப்பரையும் கூடவே குத்தி, அதுலயும் கையெழுத்து. அட்வான்சு வாங்குனா எந்தத் தேதிக்குள்ள எடுக்கோணுமுன்னு எழுதிக்க. இல்லாட்டி அட்வான்சு குடுத்தவன் வண்டியும் நம்ம சாளையிலதான் நிக்கும், அப்பறம் நான் ரெண்டு பேருகிட்டச் சண்டை போடோணும். முழுப் பணம் கைக்கு வந்த பொறவுதான் லாரியில ஏத்தோணும். லாரி வாடகை அவனோடது. ஏத்தற கூலி வேணுமுன்னா நான் தர்றேன், சந்தோசமா.

இன்னொண்ணு சொல்றேன், இதை மட்டும் காதுல நல்லா போட்டுக்க. லாரி கெளம்பறப்போ, 'ஏதாச்சும் சந்தேகமுன்னா கூப்புடுங்க'ன்னு சொல்லிப்போடாதே. அவன் கூப்புடுவான். நீ போவே. போனா, 'இந்த ஒரு போல்ட்டை மட்டும் பாத்துக் குடுங்க'ம்பான். அடுத்த ஞாயித்துக்கெழமையும் அதே வண்டிக்கு அடியில மல்லாந்து கெடப்பே, ஆனா வண்டி உன்றதா இருக்காது. அப்படிப் போகத்தான் போறேன்னு உன்ற மூஞ்சியிலயே தெரியுது. போறதுன்னா போ, நான் தடுக்கலே. ஆனா இப்பவே நாளுக்கு இவ்வளவு கூலின்னு பேசி வெச்சுக்க. இந்த வண்டியில நீ காசு பாக்கற மொதச் சோலி அதுவாத்தான் இருக்கும்.